நின்ற வேகம் எங்கே போனது?

ஆரணியில் இரண்டு சண்டைகள் நடந்ததாக வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த வரலாறு சொல்கிறது. 1751 டிசம்பர் 3 அன்று ஒன்று: கிளைவ் ஒரு பக்கம், சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் மறுபக்கம். 1782 ஜூன் 2 அன்று இன்னொன்று, அயர் கூட்டுக்கும் ஹைதர் அலிக்கும். எனக்குத் தெரிந்து மூன்றாவதாக ஒரு மோதலும் அங்கே உண்டு. தறிக்குழிக்கு மேலே நாடா ஓடிப்போய்ப் பெட்டியில் இடித்து நிற்கிற மோதல். அதற்குத் தேதி கிடையாது. அந்தச் சத்தத்தில்தான் எங்கள் தெருவே தூங்கி எழுந்தது.

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். முதல் வருஷ லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது தறியில் இருந்தபடியே அப்பா கேட்டார்: "ஏன்டா, இந்த நாடா இவ்ளோ வேகமா போவுதே, பெட்டில போய் டக்குனு நின்னுடுதே, அந்த வேகம் எங்கடா போவுது?"

எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் கைவசம் இருந்தது. மோதலில் உந்தம் மாறாது. மீட்சியற்ற மோதலில் ஆற்றல் இழப்பு ஏற்படும். வாத்தியார் அப்படித்தான் எழுதச் சொன்னார், மார்க்கும் போட்டார். அதையே அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இழப்புனா? யாருக்கு?" என்றார்.

அந்த 'யாருக்கு' என்பதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இயற்பியலை எடுத்து வரலாற்றின் மீது உவமையாகப் போர்த்துவது எவ்வளவு ஆபத்து என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 1996இல் ஆலன் சோக்கல் என்ற இயற்பியலாளர் அமெரிக்க இதழொன்றுக்கு அர்த்தமில்லாத ஒரு கட்டுரையை அனுப்பி, அது அச்சானதும் தன் வேலையை அம்பலப்படுத்திச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு நம் சிறுபத்திரிகைகளுக்கும் சேர்த்துத்தான். ஆகவே இங்கே நான் உவமை சொல்லப் போவதில்லை. உந்தம், ஆற்றல் என்ற இரண்டு கணக்குகள் எப்படி உண்டாயின, அவற்றில் ஒன்றைக் கையில் வைத்திருந்த ஒரு மனிதர் எப்படி நம் கடற்கரையில் வந்து செத்தார், அந்தக் கணக்குகளை எங்கள் தறிமேல் வைத்தால் என்ன தெரிகிறது என்பதுதான் விஷயம்.

மோதலைப் பற்றிய முதல் பெரிய தப்பைச் செய்தவர் தெகார்த். 1644இல், உலகில் உள்ள மொத்த இயக்கத்தின் அளவைக் கடவுள் மாற்றாமல் காப்பாற்றுகிறார் என்றார். அளவு என்றால் பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கியது. திசையை அவர் அந்தப் பெருக்கலில் சேர்க்கவில்லை. அதனால் அவருடைய மோதல் விதிகள் பெரும்பாலும் பொய்யாயின. சும்மா இருக்கிற பெரிய பொருளைச் சின்னப் பொருள் எவ்வளவு வேகத்தில் வந்து முட்டினாலும் அசைக்க முடியாது என்பது அவற்றில் ஒன்று. ஒரு நாள் தறியில் உட்கார்ந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார்.

1668இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் விதிகளை எழுதித் தரும்படி கேட்டது. வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் எழுதினார்கள். ஹைகன்ஸ் பயன்படுத்திய கற்பனை எனக்கு மிகப் பிடித்தது. ஆற்றில் சமச்சீராகப் போகும் ஓடத்தில் நின்று ஒருவன் இரண்டு பந்துகளை மோதவிடுகிறான். கரையில் நிற்கிறவனுக்கு அதே மோதல் வேறு வேகங்களில் தெரிகிறது. இருவர் பார்ப்பதும் ஒரே விதிக்கு உட்பட வேண்டும். (நெசவில் நாடாவுக்கு ஓடம் என்றும் ஒரு பேர் உண்டு. இது வெறும் தற்செயல்தான்.) திசையைக் கணக்கில் சேர்த்ததும் எல்லாம் சரியாக வந்தது. வலப்பக்கம் கூட்டல் என்றால் இடப்பக்கம் கழித்தல். அப்படிக் கூட்டிக் கழித்து வரும் உந்தம் எந்த மோதலிலும், பந்து துள்ளினாலும் ஒட்டிக்கொண்டாலும், மாறுவதில்லை. ஒன்று மற்றதைத் தள்ளுகிற அதே நேரம் முழுக்க மற்றதும் அதே அளவு திருப்பித் தள்ளுகிறது, அவ்வளவுதான் காரணம்.

1686இல் லைப்னிட்ஸ் வேறொன்றைக் கிளப்பினார். உண்மையான விசையை அளக்க வேகத்தைப் பெருக்கினால் போதாது, வேகத்தின் இருமடியைப் பெருக்க வேண்டும் என்றார். அதற்கு 'உயிருள்ள விசை' என்று பேர் வைத்தார். 1722இல் ஹாலந்தில் கிராவசாண்ட என்பவர் பித்தளைக் குண்டுகளை ஈரக் களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு பங்கு ஆனது. எமிலி து ஷாத்லே என்ற பெண் 1740இல் பிரான்சில் எழுதிய புத்தகத்தில் லைப்னிட்ஸ் பக்கம் நின்றதற்காக அகாதெமியின் பெரிய மனிதர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. 1743இல் தலம்பேர், இது வெறும் சொற்சண்டை என்றார். விசையை நேரத்தால் பெருக்கினால் ஒரு கணக்கு, தூரத்தால் பெருக்கினால் இன்னொரு கணக்கு. முதலாவது உந்தம், இரண்டாவது இன்று நாம் ஆற்றல் என்பது. சொற்சண்டை என்று அவர் சொன்னதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நேரத்துக்குக் கூலியா, நெய்த நீளத்துக்குக் கூலியா என்பதைச் சொற்சண்டை என்று எங்கள் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சண்டையில் நியூட்டன் கட்சிக்காக வரிந்துகட்டி வந்த இளைஞர்களில் ஒருவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் பாத் நகரில் பிறந்தவர். அப்பா ஏழைத் தையற்காரர்; போரே கூடாது என்கிற குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். மகன் 1728இல், லைப்னிட்ஸ் பக்கம் நின்ற யோஹான் பெர்னூலியின் மோதல் பற்றிய நூலைக் கிழித்துக் கட்டுரை எழுதினார். அப்புறம் பீரங்கிப் பக்கம் போய்விட்டார். 1742இல் வந்த அவருடைய புத்தகத்தில்தான் பாலிஸ்டிக் பெண்டுலம் என்ற கருவி வருகிறது. இன்றைக்கும் கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகள் ஆட்டிப் பார்க்கிற அதே ஊசல்.

துப்பாக்கிக் குண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகிறது. அதை எப்படி அளப்பது? கனமான ஊசலில் மரப்பலகையைப் பொருத்தி அதில் சுட வேண்டும். குண்டு மரத்துக்குள் தைத்து நின்றுவிடும். உந்தம் மட்டும் அப்படியே ஊசலுக்கு வந்துவிடும். ஊசல் மெல்ல ஆடும், அந்த மெல்லிய ஆட்டத்தை அளந்துவிடலாம். ராபின்ஸ் ஊசலின் அடியில் ஒரு ரிப்பனைக் கட்டியிருந்தார். ஊசல் பின்னுக்குப் போகும்போது ரிப்பன் இழுபடும். எவ்வளவு இழுபட்டது என்று பார்த்தால் ஆட்டம் தெரியும். ரிப்பனுக்குத் தமிழில் நாடா. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கருவியின் சூட்சுமம் இதில் இருக்கிறது. குண்டு தைக்கிற அந்தக் கணத்தில் உந்தக் கணக்கு மட்டும்தான் செல்லும். ஆற்றல் கணக்குப் போட்டால் விடை தப்பும். தைத்த பிறகு ஊசல் எழும்புகிறதே, அங்கே ஆற்றல் கணக்கு செல்லும். சண்டை போட்ட இரண்டு கட்சியும் ஒரே கருவிக்குள் ஆளுக்கொரு வேலை செய்துகொண்டிருந்தன. அவர் குண்டு ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு; ஊசல் சுமார் 56 பவுண்டு. விகிதம் ஒன்றுக்கு 672. குண்டு நொடிக்கு 1,650 அடி வேகத்தில் வந்து நேராகத் தைத்ததாக வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து நொடிக்கு இரண்டரை அடி வேகத்தில் கிளம்பும். உந்தத்தில் ஒரு துளி குறைவில்லை. ஆற்றலில் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்குதான் ஆட்டமாக மிஞ்சும். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டரைப் பங்கு மரத்துக்குள் எங்கோ போய்விட்டது.

அது எங்கே போனது என்று அளந்து சொல்ல 1742இல் யாராலும் முடியவில்லை. பீரங்கிக் குழாயைத் துளைபோடும்போது சூடு வந்துகொண்டே இருப்பதை ரம்ஃபோர்டு 1798இல் எழுதினார். ஜூல் 1840களில்தான் இத்தனை வேலைக்கு இத்தனை சூடு என்று கணக்குத் தீர்த்தார். அதுவரை நூறு வருஷம் அது கணக்கில் வராத பாக்கி. ராபின்சுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவருக்கு வேண்டியது குண்டின் வேகம். விழுங்கிய மரத்தின் கதை அவர் ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை.

புத்தகத்தை ஆய்லர் 1745இல் ஜெர்மனில் உரையோடு பெயர்த்தார். 1746இல் கோப்ளி பதக்கம் கிடைத்தது. 1749இல் ஈஸ்ட் இந்தியா கம்பெனி ராபின்சைத் தன் கோட்டைகளைச் சீராக்கும் பொறியாளர் தலைவராக நியமித்தது. சென்னையை 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து 1749இல்தான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனியின் தலைமையிடம் அப்போது கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம், அவர்கள் பாஷையில் ஃபோர்ட் செயின்ட் டேவிட். 1750 ஜூலையில் ராபின்ஸ் வந்து இறங்கினார். வரைபடங்கள் போட்டார். காய்ச்சல் வந்தது. 1751 ஜூலை 29 அன்று தேவனாம்பட்டினத்திலேயே இறந்தார். வயது 44.

இவ்வளவு பெரிய கணக்கறிஞரை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது எதைக் காப்பாற்ற? கோட்டைக்குள் குவிந்திருந்தது துணி. சோழமண்டலக் கரையில் கம்பெனிக்கு வேறு எதைவிடவும் வேண்டியது நெசவாளி கையால் நெய்த துணிதான். முன்பணம் கொடுத்து நெசவாளியைக் கட்டிப்போட்டு வாங்கிய துணி. மோதலின் விஞ்ஞானம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது துணிமூட்டைக்குக் காவலாக. நம் பாடப்புத்தகத்தில் இந்த வரி வராது. அங்கே ஊசல் ஆகாயத்திலிருந்து தொங்குகிறது.

ராபின்ஸ் செத்து நான்கு மாதத்தில் ஆரணிச் சண்டை. இங்கே ஒரு அழகான கதை சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது: ஊசலின் கணக்கு கிளைவின் பீரங்கியில் ஏறி ஆரணியை வென்றது என்று. அது பொய். அன்றைய களபீரங்கிகளைக் கண்மதிப்பில்தான் குறிவைத்தார்கள். விஞ்ஞானம் ஏகாதிபத்தியத்தை ஜெயிக்க வைத்தது என்று சொல்வது, விஞ்ஞானத்தைத் திட்டுவது போலத் தோன்றினாலும் அதற்குக் கும்பிடு போடுவதுதான். ஆரணியில் கிளைவிடம் இருந்தது சுமார் 200 வெள்ளையர், 700 சிப்பாய்கள், 600 மராட்டியக் குதிரைகள். எதிரே 300 பிரெஞ்சுக்காரர், 2,500 சிப்பாய், 2,000 குதிரை. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த நேரம். நடுவில் தண்ணீர் நின்ற நெல் வயல். பிரெஞ்சுப் படை வயல்களுக்கு நடுவே இருந்த ஒடுக்கமான மேட்டுப்பாதையில் பீரங்கிகளோடு வந்தது. கிளைவின் பீரங்கிகள் அந்தப் பாதையை நீளவாக்கில் அடித்தன. சிப்பாய்கள் பாதையை விட்டு வயலுக்குள் இறங்கினார்கள். சேற்றில் இறங்கிய படை படையாக இருப்பது கஷ்டம்.

கட்டாந்தரையில் விழுந்த இரும்புக்குண்டு துள்ளித் துள்ளிப் போய் வரிசையில் நிற்கிற ஆட்களை அறுக்கும். சேற்றில் விழுந்தால் அங்கேயே புதைந்துவிடும். சேறு அதன் உந்தத்தைப் பூமிக்குக் கொடுத்துவிட்டு ஆற்றலைத் தானே வைத்துக்கொள்ளும். கிராவசாண்ட பித்தளைக் குண்டு போட்டுப் பார்த்த களிமண்தான் இதுவும். டிசம்பரில் வயலில் நின்ற சம்பா யாருடையது, அந்த வருஷம் அந்தக் குடும்பம் என்ன சாப்பிட்டது என்று எந்தப் படைக்குறிப்பிலும் கிடையாது. எத்தனை பீரங்கி பிடிபட்டது என்று இருக்கும். யார் யாரைத் தள்ளினார்கள், எந்தத் திசையில் தள்ளினார்கள் என்று எழுதுவதற்குப் பேர்தான் ராணுவ வரலாறு. ராபின்ஸ் வரைந்த கோட்டையையும் அந்த வரலாறு நிறுத்திவைக்கவில்லை. 1758இல் லாலி தேவனாம்பட்டினத்தைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

இனி நாடாவுக்கு வருகிறேன். கயிறு இழுத்து நாடாவைப் பறக்கவிடும் முறைக்கு ஜான் கே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1733இல், ராபின்சின் ஊசலுக்கு ஒன்பது வருஷம் முன்னால். அதற்கு முன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்தார்கள். சதை பிடித்தது, ஆகவே மோதல் என்று சொல்லும்படி ஒன்று இல்லை. ஜான் கே செய்தது, கையை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் பெட்டியை வைத்தது. மோதல் அப்போதுதான் தறிக்குள் வந்தது. சென்னை மாகாணத்தில் இதைப் பரப்ப முயன்றவர்களில் முக்கியமானவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். 1906இல் சேலத்தில் அரசாங்க நெசவுக்கூடம் ஒன்று அவர் பொறுப்பில் நடந்தது. நெசவாளிகள் அங்கே வந்து மணிக்கணக்குப் பார்த்து உட்கார விரும்பவில்லை. வீட்டுத் தறியே போதும் என்றார்கள். பறக்கும் நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்தை வேண்டாம் என்றவர்கள் நிறைய. சோம்பேறிகள் என்று அதிகாரிகள் எழுதினார்கள். தலம்பேரின் இரண்டு கணக்கில் எது தங்களுக்கு உகந்தது என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்வேன்.

ஆரணி 19ஆம் நூற்றாண்டில் மெல்லிய மஸ்லினுக்குப் பேர்போன ஊர். பட்டு பின்னால் மேலே வந்தது. பட்டில் கைநாடா முழுக்கப் போய்விடவில்லை. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூன்று நாடா வேண்டும், கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளையாக நானும் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் அப்பா கோர்வையை விட்டு ஒற்றை நாடா, கயிறு என்று மாறினார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது ஜான் கே என்றுகூடச் சொல்லலாம், எங்கள் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கணக்கைப் போட்டுவிடலாம். தறிக்குத் தறி மாறும். நான் நாடா 200 கிராம், வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு வீச்சின் உந்தம் 1, ஆற்றல் இரண்டரை ஜூல். ராபின்சின் குண்டு சுமார் 38 கிராம், வேகம் நொடிக்கு 500 மீட்டர்: உந்தம் 19, ஆற்றல் 4,750 ஜூல். உந்தப்படி பார்த்தால் ஒரு குண்டுக்கு 19 வீச்சு. ஆற்றல்படி பார்த்தால் ஒரு குண்டுக்கு 1,900 வீச்சு. ஒரே குண்டு, ஒரே நாடா. எந்தக் கணக்கை எடுக்கிறோம் என்பதில் நூறு மடங்கு வித்தியாசம்.

புடவைக்கு வருவோம். ஆறு கஜம் என்றால் 216 அங்குலம். அங்குலத்துக்கு 70 ஊடை என்று வைத்தால் 15,120 வீச்சு. திசை பார்க்காமல் உந்தத்தைக் கூட்டினால் சுமார் எண்ணூறு குண்டு. திசை பார்த்தால் பாதி வலம், பாதி இடம். எல்லாம் அடித்துப்போய்ப் பூஜ்யம். நாடாவின் உந்தம் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து தறிமரத்துக்கு, மரத்திலிருந்து குழி வெட்டிய மண்ணுக்கு. பூமி அசைந்ததாகத் தெரியாது. அடுத்த வீச்சில் அதுவும் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிடும். உந்தக் கணக்குப்படி ஒரு புடவை முழுக்க நெய்து முடித்த நெசவாளி ஒன்றுமே செய்யவில்லை.

ஆற்றலுக்குத் திசை கிடையாது, அதனால் அடித்துப்போகாது. 15,120 வீச்சுக்கு 37,800 ஜூல். எட்டுக் குண்டு. இதைச் சோற்றுக் கணக்கில் மாற்றினால் ஒன்பது கலோரிதான் வரும். உடம்பு தின்றதில் கால் பங்கைக்கூட வேலையாகத் தருவதில்லை என்று பார்த்தாலும் ஒரு இட்லி போதும். ஒரு இட்லிக்கு ஒரு பட்டுப்புடவை! கூலி நிர்ணயிக்கிறவர் யாராவது இயற்பியல் படித்துவிட்டால் ஆபத்து. இயற்பியலில் 'வேலை' என்பது நம் வேலை ஆகாது என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது. அறுந்த இழையை முடிவது, பார்வை, காத்திருப்பது, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு முதுகை நிமிர்த்தாமல் இருப்பது, எதுவும் ஜூலில் வராது. சொன்னால் தோழர்கள் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும்: உழைப்பை ஆற்றலாக மாற்றி எழுதுவது முற்போக்கு மேடைகளிலும் நடந்ததுதான்.

ஆனால் அந்த எட்டுக் குண்டும் பொய் இல்லை. அது எங்கேயோ போயிருக்க வேண்டும். கிராவசாண்டவின் விதிப்படி வேகம் இரட்டித்தால் இது நான்கு பங்காகும். விசைத்தறிக் கூடத்தில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திக் கைஜாடைக்கு மாறியதற்கு அந்த நான்கில் ஒரு பங்கு காரணம் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் காகிதத்தில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பாவிடம், அந்த வேகம் சூடாகப் போகிறது, பெட்டி சூடாக வேண்டும் என்றேன். அவர் ஐம்பது அறுபது வீச்சு ஓட்டிவிட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். சுடவில்லை. இரண்டரை இரண்டரை ஜூலாகப் போனால் கைக்குத் தெரியாது.

"சூடு இல்லடா," என்று சொல்லிப் பெட்டிக்குள் விரலை விட்டு, கடைசியில் செருகியிருந்த தோல் துண்டை எடுத்துக் காட்டினார். நாடா இடித்துத் திரும்பி வந்தால் தாரிலிருந்து நூல் தளர்ந்துவிடும், ஊடை கெட்டுவிடும். அதனால் இடியை விழுங்க அதை வைப்பார்கள். ராபின்சின் மரப்பலகைக்கும் அதே வேலைதான். தோலின் நடுவில் நாடாவின் இரும்பு மூக்கு அச்சு அசலாகப் பதிந்து, கட்டைவிரல் நுனி உள்ளே போகிற ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தது. இடப்பக்கத் துண்டையும் எடுத்துக் காட்டினார். அதில் பள்ளம் குறைவு.

"சோத்துக்கை பக்கம் கொஞ்சம் வேகமா இழுத்துடுவேன் போல," என்றார். வலப்பக்கத் துண்டை வெளியே எறிந்துவிட்டு, பழைய செருப்பிலிருந்து இன்னொன்றை வெட்டி எடுக்கத் திண்ணைக்குப் போனார்.